இரண்டு தகரக் கால்

எனக்குத் தெரிந்த வித்தைகளில் நான் முதலில் தேர்ச்சி பெற்றது நொண்டுவதில்தான். பிற்பாடு கற்றுக்கொண்ட தையல், தட்டச்சு, ஸ்கூட்டி ஓட்டுவது எல்லாமே சுமார் ரகம். நொண்டலில் மட்டும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை, என் அண்ணனைத் தவிர. அவன் குறை சொல்லாத பொருள் என்று இந்த உலகத்தில் எதுவும் இருந்ததில்லை என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

எங்கள் ஊர் அபிராமத்துக்குப் பக்கம். ஊரைச் சுற்றி மிளகாய்க் கொல்லை. மாசி பிறந்துவிட்டால் குண்டு மிளகாய் பழுத்துச் செடி தரையைப் பார்க்கும். பழம் எடுப்பது பெண்கள் வேலை என்று எப்போதோ யாரோ முடிவு செய்திருந்தார்கள். நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என்னையும் அந்தப் பெண்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். ஏழாம் வகுப்பு அண்ணனுக்கு மட்டும் சனி, ஞாயிறு டியூஷன். நான் குனிந்த முதுகு நிமிராமல் பழம் எடுத்து, எரிகிற விரலை மறந்துபோய்க் கண்ணில் வைத்து, அழுது, அழுகையைத் துடைக்க மறுபடி அதே விரலை வைத்து, இப்படியே இரண்டு வாரம் போயிற்று.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டுக் கொல்லைக்குப் போகும்போது வரப்பில் கால் பிசகி விழுந்தேன். உண்மையிலேயே சுளுக்கு. இதை அழுத்திச் சொல்லக் காரணம், என் பொய்க்கு ஒரு நேர்மையான ஆரம்பம் இருந்தது என்பதைப் பதிவு செய்யத்தான். ஞாயிற்றுக்கிழமையே வலி போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு நாளில் எனக்கு அவித்த முட்டை கிடைத்திருந்தது, டிவிக்கு எதிரே கட்டில் கிடைத்திருந்தது, ரிமோட் என் தலையணைக்கு அடியில் இருந்தது. போன வலிக்காக இத்தனை செல்வத்தையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை காலை எழுந்து, யோசித்து, நொண்டினேன்.

அதன் பிறகு மூன்று வாரம் நொண்டினேன். சுளுக்கு வழிக்கிற தாத்தா பக்கத்து ஊரிலிருந்து வந்து வழித்துவிட்டுப் போனார். பரமக்குடிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து எலும்பு கரும்பு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, வந்ததற்கு ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் அம்மா டாக்டரை நம்பாமல் என்னை நம்பினாள். வீட்டுக்கு யாராவது வந்தால் உடனே எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து என் காலை நீவ ஆரம்பித்துவிடுவாள். ஒருநாள் பெரியம்மா வந்திருந்தபோது நான் நொண்ட மறந்து அடுப்படிக்கு நேராக நடந்து போய்விட்டேன். அம்மாதான் கத்தினாள், காலைப் பார்த்து நடடி, இன்னும் புண்ணாக்கிக்கொள்ளாதே என்று. அந்தக் கருணையை நினைத்து அன்று முழுக்கக் கூடுதலாகவே நொண்டினேன்.

அந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. லாரியில் ஆந்திராவுக்குப் போயிருக்கிறார் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள். நாலு மாதம் ஆள் கண்ணில் படவில்லை. நடுவில் ஒருநாள் அம்மாவும் அய்யாவும் கல்யாண வீடு என்று கிளம்பிப் போய், இரவில் வெறுங்கையோடு திரும்பினார்கள். போகும்போது பனங்கட்டை மாதிரி போனவர் திரும்பும்போது விறகுக் குச்சியாக வந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். ஆந்திராவில் சாப்பாடு ஒத்துவரவில்லை என்றார். மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார். முன்பெல்லாம் யாரும் சிரிப்பதற்கு முன்னால் தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிடுகிறவர், இப்போது மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு நினைவு வந்தவர்போலச் சிரித்தார். எங்கள் அடுத்த தெருவிலேயே அவருக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா வந்த நாலாம் நாள், என் காலுக்காக மாதாவிடம் நேர்ந்திருப்பதாக அம்மா அறிவித்தாள். தங்கச்சிமடம் தாண்டிக் கடலுக்குள் ஒரு மணல் திட்டில் இருக்கிற மாதா கோயில். கால் குணமானால் அங்கே திட்டின் விளிம்பில் இருக்கிற கல் சிலுவையிலிருந்து பீடம்வரை முட்டிபோட்டே வருவதாக வேண்டுதல். எங்கள் பக்கத்தில் மதம் பார்த்து நேர்ந்துகொள்கிற வழக்கம் கிடையாது. கருப்பசாமிக்குக் கிடா, தர்காவுக்குச் சர்க்கரை, மாதாவுக்குச் சேவல். எந்தச் சிக்கலுக்கு யாரிடம் போக வேண்டும் என்பது பெண்களுக்குத் தெரியும். ஆச்சரியம், அய்யா என்று நாங்கள் கூப்பிடுகிற எங்கள் அப்பாதான். பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கே நாலு நாள் யோசிக்கிற மனிதர், பறிப்பு நடக்கிற நேரத்தில், மறுபேச்சுப் பேசாமல் அரைச் சாக்கு மிளகாய் வற்றலைக் கட்டினார். கூடவே நான் குஞ்சிலிருந்து வளர்த்த செவலைச் சேவலையும் பிடித்துக் காலைக் கட்டிக் கொடுத்தார்.

என் சேவல் போவதைவிட எனக்கு அந்த முட்டிபோடுகிற விஷயம்தான் பெரிதாகப் பட்டது. அண்ணன் விளக்கமாகச் சொன்னான். பங்குனி வெயில், நெருப்பு மாதிரி மணல், உடைந்த கிளிஞ்சல் எல்லாம் கத்தி மாதிரி நிற்கும், அதில் அம்மா முட்டி தேயத் தேயப் போக வேண்டும்.

"யாருக்காக? இல்லாத ஒரு வலிக்காக. போ நொண்டி, போய் முட்டையத் தின்னு."

அவனுக்குச் சாட்சி கிடையாது, சந்தேகம் மட்டும்தான். ஆனால் எனக்கு அன்று முட்டை இறங்கவில்லை. இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். குணமானால்தானே முட்டி போட வேண்டும்? நான் குணமாகவே மாட்டேன். ஆயுசுக்கும் நொண்டியாகவே இருந்துவிடுவேன். அம்மாவின் முட்டிக்காக என் வாழ்க்கையையே அர்ப்பணிக்கிற அந்தத் தியாகத்தை நினைத்து நானே கொஞ்சம் அழுதேன்.

சனிக்கிழமை விடிகாலையில் குட்டியானை வண்டியில் கிளம்பினோம். மாமா ஓட்டினார். நோயாளியான நான் அம்மாவோடு முன்னால். அண்ணன் பின்னால், மிளகாய்ச் சாக்கோடும் சேவலோடும். ராமநாதபுரம்வரை அவன் தும்மியதை எண்ணிக்கொண்டே வந்தேன், மனசுக்கு இதமாக இருந்தது. அம்மாவின் பையில் ஒரு பழைய சேலையும் கிழிந்த துணிகளும் இருந்தன. எதற்கு என்று கேட்டேன். முட்டியில் சுற்றிக்கொள்ள என்றாள். இன்றைக்கே குணமாகிவிடும், மாதா கைவிட மாட்டாள் என்றாள். அவளுடைய நம்பிக்கையின் அளவைப் பார்த்து நான் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

பாம்பன் பாலத்தில் ஏறியபோது முதல்முறையாகக் கடலைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் பச்சையாக, முடிவில்லாமல். எல்லா வண்டியும் நின்றிருந்தது, எல்லாரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொல்லி அண்ணன் பின்னாலிருந்து தகரத்தைத் தட்டினான். மாமா நிறுத்தவில்லை. ரோட்டைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் ஓட்டினார். நல்ல டிரைவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோயிலை முதலில் பார்க்கிறவர்களுக்கு அது தண்ணீரில் நிற்கிறதோ என்று தோன்றும். கரைக்கும் திட்டுக்கும் நடுவில் கடல் ஒரு கை நீட்டிக் கிடக்கிறது. காலையில் கணுக்கால் ஆழம், மதியத்துக்கு மேல் முட்டி ஆழம். அதற்கு அப்பால் வெள்ளை மணல் மேடு, ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன உடைமரங்கள், மேட்டின் உச்சியில் வெள்ளைக் கோயில். காற்று நிற்பதே இல்லை. யாரும் தொடாமலே மணி அவ்வப்போது ஒரு அடி அடித்துக்கொள்ளும். காற்று வாசலில் கொண்டுவந்து போடுகிற மணலைக் கூட்டித் தள்ளுவதற்கென்றே ஒரு கோயில்பிள்ளை இருந்தார். அவர் ஒரு பக்கம் தள்ள, காற்று மறுபக்கம் கொண்டுவந்து போட, இரண்டு பேரும் சண்டையில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரையில் வரிசையாகக் கடைகள். மெழுகுவர்த்தி, மாலை, அப்புறம் உருக்கள். கண் நோவுக்குத் தகரத்தில் கண், கை நோவுக்குக் கை, பிள்ளை வேண்டும் என்றால் தொட்டில். அதை வாங்கி மாதா காலடியில் வைக்க வேண்டும். அம்மா போய் நின்ற கடையில் இருந்த அக்கா, எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றது. மாமாவைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டது.

"தம்பி வந்துட்டாகளா?"

அம்மாவோ, என் புள்ளைக்கு ஒரு கால் கொடு தாயி என்று அவசரமாகக் கேட்டாள். வருகிறவர்களின் தம்பிகளை எல்லாம் விசாரிப்பது இந்த ஊர் மரியாதை போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த அக்கா இரண்டு தகரத்தை எடுத்து நீட்டியது.

"வலது காலா, எடது காலா?"

என் வாழ்க்கையில் யாரும் கேட்ட கேள்விகளிலேயே கடினமானது அதுதான். பிளஸ் டூ கணக்குப் பரீட்சை இதற்குப் பிறகுதான் வரும். அம்மா வலது என்றாள். மாமா இடது என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன், அவை ஏதாவது துப்புக் கொடுக்குமா என்று. இரண்டும் ஒரே மாதிரி ஆரோக்கியமாக இருந்தன.

"திங்கக்கெழம வலது," என்றான் அண்ணன், இந்தத் தருணத்துக்காகவே பிறந்தவன்போல. "புதன்கெழமலேருந்து எடது. ஆள் வந்தா ரெண்டும்."

கடைக்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டது. எனக்குக் காது இரண்டும் மிளகாய் தடவியதுபோல எரிந்தது. முடிந்தது கதை என்று நின்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டையும் குடு தாயி," என்றாள். "எதுக்கு வம்பு."

இரண்டு காலையும் வாங்கிக்கொண்டு, கூடவே ஒரு முழு ஆள் உருவையும் வாங்கினாள். கை, கால், தலை எல்லாம் உள்ள சின்னத் தகர ஆள். இது யார் என்று கேட்டேன். வெறும் காலை வைத்தால் அது யாருடையது என்று மாதாவுக்கு எப்படித் தெரியும் என்று அம்மா திருப்பிக் கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது.

மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கணுக்கால் ஆழம்தான். ஆனால் என் இரண்டு காலையும் வலிக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. தண்ணீருக்குப் பயமா என்று கேட்டேன்.

"எனக்கா? முட்டையாத் தின்னு கனக்குற மருமகளே, அதான்."

திட்டில் ஏறியதும் கல் சிலுவை. பாதி மணலுக்குள் புதைந்து நின்றது. அங்கிருந்துதான் முட்டிபோடுகிறவர்கள் கிளம்புவார்கள். கூட வந்தவர்கள் குடத்தில் கடல் தண்ணீர் மொண்டு முன்னால் மணலில் ஊற்றிக்கொண்டே போவார்கள், சூடு தணிய. ஒரு பெண் அப்படிப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் முட்டிக்குக் கீழே ஊற்றிய ஈரம், ஊற்றிய வேகத்தில் காய்ந்தது.

அம்மா சிலுவை நிழலில் என்னை உட்காரவைத்தாள். இப்போது எப்படி இருக்கிறது, கொஞ்சம் குறைந்திருக்கிறதா என்று கேட்டாள். கூடியிருக்கிறது என்றேன். சிலுவையைத் தொட்டுக் காலில் தடவிவிட்டு மறுபடி கேட்டாள். தொடை வரைக்கும் ஏறிவிட்டது என்றேன். எழுந்து இரண்டு எட்டு வைத்துப் பார் என்றாள். எழுந்தேன், ஊரில் ஒருநாளும் காட்டாத அளவுக்கு நொண்டினேன், விழுந்தே காட்டினேன். அம்மாவின் முகம் வாடிப்போனது. ஆனால் முட்டி பிழைத்தது. உள்ளுக்குள் எனக்குப் பெருமை. என்னைக் குணமாக்க அவளும் குணமாகாமல் இருக்க நானும் இப்படி மல்லுக்கட்டியதில், வெயில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா சேவலைப் பார்த்தார்.

சேவல் அவர் கையிடுக்கில் இருந்தது. அவர் மணலில் உட்கார்ந்து, அதன் காலில் இருந்த கட்டை மெதுவாக அவிழ்க்க ஆரம்பித்தார். ஓடிவிடும் மாமா என்றான் அண்ணன்.

"கால்ல கட்டோடயா சாமி கும்பிட வாரது? பாவம்ல. அவுத்து விட்டா என்ன கெட்டுப்போச்சு."

கெட்டுத்தான் போனது. சேவல் ஒரு கணம் நம்ப முடியாமல் நின்றது. பிறகு றெக்கையை அடித்துக்கொண்டு திட்டின் சரிவில் இறங்கிக் கடலைப் பார்த்து ஓடியது. கொல்லையைத் தவிர வேறு எதையும் பார்த்திராத உயிர். அலை என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. தண்ணீர் விளிம்பில் நிற்காமல் உள்ளே போனது.

அதன் பிறகு நான் எதையும் யோசிக்கவில்லை. சரிவில் பாய்ந்தேன், மணலில் ஓடினேன், தண்ணீரை இரண்டு காலாலும் உதைத்துக்கொண்டு இடுப்பளவு போய்ச் சேவலின் வாலைப் பிடித்தேன். அது கையைக் கொத்தியது, விடவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஈரமும் மணலுமாக, ஓட்டமாகவே மேட்டில் ஏறி வந்தேன். பாதி மேட்டில்தான் தெரிந்தது, எல்லாரும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோயில்பிள்ளை துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நெற்றியில் சிலுவை போட்டார். முட்டிபோட்டுப் போய்க்கொண்டிருந்த பெண் திரும்பி, 'மரியே வாழ்க' என்றாள். ஏழெட்டுக் குரல் அதைத் திருப்பிச் சொன்னது.

நான் சட்டென்று நொண்டிப் பார்த்தேன். காலம் கடந்துவிட்டது.

அம்மா அழுதுகொண்டிருந்தாள். அழுகையோடு ஒரு சிரிப்பும் இருந்தது, அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. முட்டியில் துணியைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் வேண்டாம் என்றேன், அப்புறம் வரலாம் என்றேன், இப்போதும் வலிக்கிறது என்றேன். அண்ணன் கையில் குடத்தைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, அவள் சிலுவையைத் தொட்டு மணலில் இறங்கிவிட்டாள். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சேவலைக் கோயில்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் நானும் முட்டிபோட்டேன். முதல் அடியிலேயே ஒரு கிளிஞ்சல் என் பாவத்துக்குக் கணக்குக் கேட்டது. அம்மாவின் மறுபக்கத்தில் மாமாவும் வந்து முட்டிபோட்டார். எதிர்வீட்டுக்குப் போகவே பைக்கை எடுக்கிற மனிதர்.

பாதி வழியில் நான் உடைந்தேன்.

"அம்மா, எனக்கு வலிக்கவே இல்லம்மா. மொதல்ல ரெண்டு நாள்தான். மத்தது எல்லாம் பொய்."

அம்மா திரும்பவில்லை. கண் பீடத்திலேயே இருந்தது.

"தெரியும்டி," என்றாள். "கிளிஞ்சல் கெடக்கு. தரையப் பாத்து வா."

அவ்வளவுதான். அடி இல்லை, திட்டு இல்லை. மூன்று வாரம் நான் சுமந்த பாறை அந்த மணலிலேயே விழுந்துவிட்டது. எனக்கு உடம்பு காற்றில் மிதப்பதுபோல இருந்தது, முட்டியைத் தவிர. அண்ணன் எங்கள் முன்னால் தண்ணீர் ஊற்றினான். என் பக்கம் மட்டும் கஞ்சத்தனமாக ஊற்றினான்.

பீடத்தில் அம்மா இரண்டு தகரக் காலையும் தகர ஆளையும் வைத்தாள். மிளகாய்ச் சாக்கை இறக்கினோம். உள்ளே வந்த காற்றில் கோயிலே தும்மியது. சேவலை அறுத்துவிடாதீர்கள் என்று மாமா கோயில்பிள்ளையிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். திரும்பும்போது பாம்பன் பாலத்தில் யாரும் கேட்காமலே வண்டியை நிறுத்தினார். இறங்கிக் கைப்பிடியில் சாய்ந்து கடலை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு ஜோக் சொல்லி, எங்களுக்கு முன்னால் தானே சிரித்தார். மறுநாள் ஊர் முழுக்க அம்மா சொல்லி முடித்துவிட்டாள், மாதா என் மகளுக்குக் காலைக் கொடுத்துவிட்டாள் என்று. அதற்கு மறுவாரமே அந்தக் காலோடு நான் மிளகாய்க் கொல்லையில் நின்றேன். அற்புதத்துக்கு நான் கொடுத்த விலை அது.

மாமாவுக்குக் கல்யாணமாகி, அவர் பையன் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தபோது, யாருக்காக நொண்டுகிறான் என்று நான் கேலி செய்தேன். அப்போதுதான் அவர் சொன்னார். அவர் போனது ஆந்திராவுக்கு இல்லை. அதற்கு முந்தின வருஷம் மழை ஏமாற்றியதால் தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். மூன்றாவது தடவை கடலுக்குப் போனபோது எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு மாதம் அந்தக் கரையில் ஜெயில். கல்யாண வீடு என்று எங்களிடம் சொல்லிவிட்டு அம்மாவும் அய்யாவும் கிளம்பிப் போனார்களே, அன்று படகுக்காரர்களின் வீட்டுப் பெண்களோடு அம்மா அந்தக் கல் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். என் தம்பி இந்த மண்ணில் மறுபடி கால் வைத்தால் இங்கிருந்து முட்டிபோட்டு வாரேன் என்று. வைத்துவிட்டார். ஆனால் அடுத்த தெருவில் பெண் பேசுகிற நேரம். ஜெயிலுக்குப் போனவன் என்று காற்றில் வந்தாலே போதும். அண்ணன் வாயோ எங்கள் ஊர் மைக்செட். அவன் கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டும், ஊர் கேட்டாலும் வேண்டும். அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒரு பெண், ஒரு காரணமும் இல்லாமல் நொண்டிக்கொண்டிருந்தாள்.

சேவலைத் தானே திட்டம் போட்டு விட்டதாக மாமா பெருமை அடித்தார். நான் நம்பவில்லை, அந்தக் கட்டை அவிழ்த்தபோது அவர் முகத்தைப் பார்த்தவள் நான். அத்தை உள்ளேயிருந்து, ஜெயில் விஷயம் எங்க வீட்டுக்கு அப்பவே தெரியும், மாப்பிள்ளை சங்கடப்படுவாரேன்னு கேக்கல என்று சொல்லிவிட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆக, அந்தக் குட்டியானையில் போன எல்லாரிலும் முழுசாக ஏமாந்தது நான் ஒருத்திதான். ஆனால் அன்று அது எனக்கு எப்படித் தெரியும்? பாரம் இறங்கிய சந்தோஷத்தில் முட்டியை இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தவள், அம்மாவைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மாமா கையைக் கூப்பிக்கொண்டு, மணலில் கண்ணீர் சொட்டச் சொட்ட வந்துகொண்டிருந்தார். பாவம், இவருக்கு எந்தக் கால் வலிக்கிறதோ, வலதா, இடதா, வரும்போது இவருக்கும் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று நினைத்தபடியே நான் பீடத்தை நோக்கி நகர்ந்தேன்.